நெஞ்சில் கட்டி, கண்ணில் அடையாளம்!

அம்மா காலையில் எழுகிறாள். வாசல் தெளிக்கிறாள். கோலம் போடுகிறாள். முகம் பளிச்சென்று இருக்கிறது.

மாலை ஆகிறது. விளக்கு வைக்கும் நேரம். அம்மாவின் இடது கண் இமை பாதி மூடிக் கிடக்கிறது.

"என்னம்மா, தூக்கம் வருகிறதா?" என்று மகன் கேட்கிறான்.

"தூக்கம் இல்லையடா. இமையைத் தூக்க முடியவில்லை. ஒரு விளக்கு இரண்டு விளக்காகத் தெரிகிறது" என்கிறாள் அம்மா.

சாப்பிட உட்கார்ந்தால், நாலு வாய் மென்றதும் தாடை ஓய்ந்து போகிறது. தலை வாரக் கையைத் தூக்கினால், கை தானாகக் கீழே இறங்குகிறது. இரவு தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகி விடுகிறது. மறுநாள் மாலை, மறுபடியும் அதே தொல்லை!

"வயது ஆகிறது அல்லவா?" என்கிறார் ஒருவர். "கண்ணாடியை மாற்ற வேண்டும்" என்கிறார் மற்றொருவர். "கண் பட்டிருக்கிறது" என்று பாட்டி திருஷ்டி கழிக்கிறாள்.

கடைசியில் ஒரு டாக்டர், "நெஞ்சைப் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள்" என்கிறார்.

வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். கோளாறு கண்ணில். நெஞ்சை எதற்காகப் படம் பிடிக்க வேண்டும்?

இந்த வீடு கற்பனை வீடு. ஆனால் வியாதி கற்பனை அல்ல. நெஞ்சுக்குள்ளே வளரும் ஒரு கட்டி, கண் இமையில் வந்து அடையாளம் காட்டுவது உண்டு. அந்தக் கட்டி எது? அதற்கு என்ன சிகிச்சை? இதோ விவரம்.

நெஞ்செலும்புக்குப் பின்னால்

கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் நடுவில் கையை வைத்துப் பாருங்கள். கெட்டியான எலும்பு தட்டுப்படும். அந்த எலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் "தைமஸ்".

இந்தச் சுரப்பிக்கு ஒரு விசித்திரம் உண்டு. உடம்பில் மற்ற உறுப்புகள் ஆள் வளர வளரத் தாமும் வளரும். தைமஸ் அப்படி அல்ல. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும். வாலிபம் வந்த பிறகு சுருங்கத் தொடங்கும். வயதானவர்களிடம் அந்த இடத்தில் பெரும்பாலும் கொழுப்புதான் இருக்கும்.

பிரெஞ்சு நாட்டில் கன்றுக்குட்டியின் தைமஸைச் சமைத்து விருந்தில் பரிமாறுவார்கள். கிழட்டு மாட்டில் அதைத் தேடினால் கிடைக்காது!

"வயது ஏறினால் சுருங்கிப் போகும் இந்தச் சுரப்பியால் என்ன பயன்?" என்று டாக்டர்களே வெகு காலம் குழம்பினார்கள். 1961-ம் ஆண்டில் விடை கிடைத்தது. லண்டனில் ஆராய்ச்சி செய்துவந்த ஜாக் மில்லர் என்ற இளம் விஞ்ஞானி, அப்போதுதான் பிறந்த சுண்டெலிகளின் தைமஸை எடுத்துவிட்டார். அந்தக் குஞ்சுகள் நோய்க்கிருமிகளை எதிர்க்க முடியாமல் இளைத்து மடிந்தன.

உண்மை வெளிப்பட்டது. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை, நமக்குக் காவல் வேலை செய்கிறது. அந்தக் காவல்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளிக்கூடம்தான் தைமஸ். "இது நம் உடம்பு, இதைத் தொடாதே, அது அந்நியக் கிருமி, அதைத் தாக்கு" என்ற பாடம் அங்கேதான் நடக்கிறது. பிள்ளைப் பருவத்திலேயே பெரும்பாலான பாடம் முடிந்துவிடுவதால், பிறகு பள்ளிக்கூடம் சுருங்குகிறது.

பத்து லட்சத்தில் ஒருவர்

இந்தத் தைமஸில் எப்போதாவது ஒருவருக்குக் கட்டி உண்டாகிறது. அதற்கு "தைமோமா" என்று பெயர். இது மிகவும் அபூர்வமானது. ஓர் ஆண்டில் பத்து லட்சம் பேரில் ஒருவர் முதல் மூன்று பேருக்குத்தான் வருகிறது. ஆண், பெண் இரு பாலாருக்கும் வரும். நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் அதிகம் காணப்படுகிறது.

பெரும்பாலான தைமோமாக்கள் மெதுவாக வளருகின்றன. அதே சுரப்பியில் "தைமிக் கார்சினோமா" என்ற வேறொரு வகையும் உண்டாகலாம். அது இன்னும் அபூர்வம். ஆனால் முரட்டுத்தனம் அதிகம். வேகமாகப் பரவும்.

இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது அல்ல. புகையிலைக்கும் இதற்கும் தொடர்பு காணப்படவில்லை. "நான் என்ன தவறு செய்தேன்?" என்று நோயாளி வருந்த வேண்டிய அவசியமே இல்லை.

சிலருக்கு எந்தத் தொல்லையும் இருக்காது. வேறு எதற்காகவோ எக்ஸ்ரே படம் எடுக்கும்போது, நெஞ்சின் நடுவில் நிழல் தெரியும். சிலருக்கு இருமல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் இருக்கும். கட்டி பெரிய ரத்தக் குழாயை அழுத்தினால் முகமும் கழுத்தும் வீங்கும்.

ஆனால் இந்தக் கட்டி உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு, நாம் முதலில் பார்த்த அம்மாவைப் போல், தசைகள் சோர்ந்துபோகும் வியாதி வருகிறது.

மாலை ஆனால் சோரும் தசை

அந்த வியாதியின் பெயர் "மையஸ்தீனியா கிராவிஸ்". "கடுமையான தசைச் சோர்வு" என்பது பொருள்.

இங்கிலாந்து நாட்டு டாக்டர் தாமஸ் வில்லிஸ், 1672-ம் ஆண்டிலேயே இப்படிப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதி இருக்கிறார். நீண்ட நேரம் பேசினால் அவளுக்குப் பேச்சே வராமல் போய்விடும். ஓரிரு மணி நேரம் ஓய்வு எடுத்தால் பேச்சு திரும்பிவிடும்!

இதற்குக் காரணம் என்ன?

நம் கை அசைய வேண்டுமானால், நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்ப வேண்டும். நரம்பின் நுனியில் ஒரு ரசாயனப் பொருள் சுரக்கிறது. தசையில் அதை வாங்கிக்கொள்ளும் சிறு வாசல்கள் இருக்கின்றன. இந்த வியாதியில், உடம்பின் காவல்காரர்களே அந்த வாசல்களைப் பகைவன் என்று தவறாக எண்ணித் தாக்குகிறார்கள். வாசல் குறைந்தால் கட்டளை குறைகிறது. தசை சோருகிறது.

பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் கட்டி வளர்ந்தால், அங்கே தவறான பாடம் நடக்கிறது. அதனால்தான் நெஞ்சில் கட்டி இருக்க, கண்ணில் இமை தொங்குகிறது.

இதைக் கண்டுபிடிக்க உதவியது எது தெரியுமா? மின்சார விலாங்கு என்னும் நீர்வாழ் பிராணி! அதன் உடம்பில் இந்த வாசல்கள் ஏராளம். 1973-ம் ஆண்டில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ரம் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள், விலாங்கிலிருந்து பிரித்தெடுத்த வாசல்களை முயல்களுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். முயலின் உடம்பு அவற்றை எதிர்த்தது. அந்த எதிர்ப்பு முயலின் சொந்தத் தசைகளையும் தாக்கியது. முயல்கள் சோர்ந்து விழுந்தன. இன்று ரத்தத்தைச் சோதித்தே இந்த வியாதியைக் கண்டுபிடிக்க முடிகிறது.

இமை தொங்கும் எல்லோருக்கும் நெஞ்சில் கட்டி இருக்கும் என்று பயப்பட வேண்டாம். மையஸ்தீனியா உள்ள நூறு பேரில் பத்து, பதினைந்து பேருக்குத்தான் கட்டி இருக்கிறது. ஆனால் அந்தப் பத்துப் பேர் யார் என்று தெரிய வேண்டுமே! அதற்காகத்தான் எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுக்கிறார்கள்.

விஷமே மருந்து

மையஸ்தீனியாவுக்கு 1934 வரை உருப்படியான மருந்து இல்லை.

லண்டன் நகரத்தைச் சேர்ந்த கிரீன்விச்சில், செயிண்ட் ஆல்ஃபெஜ் ஆஸ்பத்திரியில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர் வேலை பார்த்தார். தென் அமெரிக்கக் காட்டுவாசிகள் அம்பு நுனியில் "குராரே" என்ற விஷத்தைத் தடவுவார்கள். அது பட்டால் தசைகள் செயலற்றுப் போகும். மையஸ்தீனியா நோயாளிகளைப் பார்த்த மேரி வாக்கருக்கு, அவர்கள் குராரே விஷம் தாக்கியவர்களைப் போல் இருப்பதாகத் தோன்றியது.

குராரேக்கு மாற்று மருந்து ஒன்று உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் கலபார் என்ற இடத்தில் விளையும் ஒரு கொட்டையில் இருந்து அது எடுக்கப்படுகிறது. அந்தக் கொட்டையும் விஷம்தான். முற்காலத்தில் அங்கே குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அதைக் கொடுப்பார்களாம். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி. செத்தால் குற்றவாளி!

அந்த மருந்தை மேரி வாக்கர் தம் நோயாளிக்கு ஊசியில் செலுத்தினார். சிறிது நேரத்தில் தொங்கிய இமை மேலே ஏறியது. சோர்ந்த கை உயர்ந்தது. சில மணி நேரத்துக்குப் பிறகு மருந்தின் சக்தி குறைந்து சோர்வு திரும்பியது. ஆனாலும் வழி பிறந்துவிட்டது. அந்த வம்சத்தில் வந்த "பிரிடோஸ்டிக்மின்" மாத்திரையைத்தான் இன்றும் நோயாளிகள் சாப்பிடுகிறார்கள்.

மாத்திரை சோர்வைக் குறைக்கும். கட்டியைக் கரைக்காது. கட்டிக்குக் கத்தி வேண்டும்.

1936-ல் நடந்த ஆபரேஷன்

கட்டிக்கும் தசைச் சோர்வுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1901-ம் ஆண்டிலேயே ஜெர்மனி நாட்டில் சந்தேகம் எழுந்தது. இறந்துபோன மையஸ்தீனியா நோயாளி ஒருவரின் உடலைச் சோதித்தபோது, தைமஸ் இருக்கும் இடத்தில் கட்டி இருந்தது. 1911-ல் சுவிட்சர்லாந்து நாட்டின் ஜூரிச் நகரில், சாவர்புருக் என்ற பிரபல டாக்டர் ஒரு நோயாளியின் தைமஸை எடுத்தார். தசைச் சோர்வு குறைந்தது. ஆனாலும் நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷன் அந்தக் காலத்தில் பேராபத்து. பலரும் பின்பற்றத் தயங்கினார்கள்.

1936-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவில் நாஷ்வில் நகரம். அங்குள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஓர் இளம்பெண் சேர்க்கப்பட்டிருந்தாள். கடுமையான மையஸ்தீனியா. எக்ஸ்ரே படத்தில், நெஞ்செலும்புக்குப் பின்னால் நிழல் தெரிந்தது.

டாக்டர் ஆல்பிரட் பிளலாக் துணிந்தார். நெஞ்செலும்பைப் பிளந்து கட்டியை வெளியே எடுத்தார்.

அந்தப் பெண் பிழைத்தாள். அது மட்டும் அல்ல. தசைச் சோர்வும் நீங்கத் தொடங்கியது.

பிளலாக் உடனே பறை அடிக்கவில்லை. "இது தற்காலிகக் குணமா, நிலையான குணமா?" என்று காத்திருந்தார். மூன்று ஆண்டு கழித்து, 1939-ல்தான் உலகத்துக்கு அறிவித்தார். பிறகு பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குச் சென்ற அவர், கட்டி இல்லாத மையஸ்தீனியா நோயாளிகளுக்கும் தைமஸை எடுத்துப் பார்த்தார். பலருக்குப் பலன் கிடைத்தது. 1944-க்குள் இப்படி இருபது பேரைப் பற்றி எழுதினார். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள "நீலக் குழந்தை"களுக்கு ஆபரேஷன் செய்து உலகப் புகழ் பெற்றவரும் இதே பிளலாக்தான்.

தவறான சிகிச்சை

இந்தச் சுரப்பியின் சரித்திரத்தில் ஒரு சோகமான அத்தியாயமும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த கைக்குழந்தைகளைச் சோதித்தார்கள். தைமஸ் பெரிதாக இருந்தது. "இது மூச்சுக் குழலை நெரித்துக் கொன்றுவிட்டது" என்று முடிவு கட்டினார்கள். உண்மையில், குழந்தைக்கு அது பெரிதாக இருப்பதே இயற்கை! நெடுநாள் நோயில் கிடந்து இறந்த குழந்தைகளின் சுருங்கிய தைமஸைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, ஆரோக்கியமான தைமஸ் நோயாகத் தெரிந்தது.

விளைவு என்ன? அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நல்ல குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தித் தைமஸைச் சுருக்கினார்கள். அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பிற்காலத்தில் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் வந்தது. 1950-ல் இந்தத் தொடர்பு வெளிப்பட்டது. பிறகு அந்த வழக்கம் மெல்ல ஒழிந்தது.

ஆகவே, தாய்மார்களே! உங்கள் கைக்குழந்தையின் எக்ஸ்ரே படத்தில் தைமஸ் பெரிதாகத் தெரிகிறது என்று டாக்டர் சொன்னால் கலங்க வேண்டாம். குழந்தைகளுக்கு அது சகஜம்.

கட்டி எந்த நிலை?

இனி, இன்றைய சிகிச்சை முறைகளைப் பார்ப்போம்.

முதலில் "சி.டி. ஸ்கேன்" என்ற படம் எடுக்கிறார்கள். கட்டி எவ்வளவு பெரிது, எதை ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்று அதில் தெரியும். நெஞ்சின் அதே இடத்தில் வேறு வகைக் கட்டிகளும் வரலாம். அவற்றில் சில, ஆபரேஷன் இல்லாமல் மருந்தாலேயே குணமாகக்கூடியவை. அதனால் ரத்தச் சோதனையும் உண்டு.

"ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கக்கூடாதா?" என்று சிலர் கேட்பார்கள். கட்டி தைமோமாதான் என்று படத்திலேயே தெளிவாகத் தெரிந்து, முழுதும் எடுக்க முடியும் என்றும் தோன்றினால், பெரும்பாலும் குத்துவது இல்லை. கட்டியின் மேலே உறை இருக்கிறது. அதை வீணாகக் கிழிக்க டாக்டர்கள் விரும்புவது இல்லை. சந்தேகம் இருந்தாலோ, கட்டி எடுக்க முடியாத நிலையில் இருந்தாலோ, குத்திச் சோதிப்பது அவசியமாகிறது.

ஜப்பான் நாட்டு டாக்டர் மசாவோகா, 1981-ம் ஆண்டில் இந்தக் கட்டியை நான்கு நிலையாகப் பிரித்தார்.

முதல் நிலை: முட்டை ஓட்டுக்குள் கரு இருப்பதுபோல், கட்டி உறைக்குள் அடங்கி இருக்கிறது.

இரண்டாம் நிலை: உறையைத் தாண்டிப் பக்கத்தில் உள்ள கொழுப்பைத் தொட்டுவிட்டது.

மூன்றாம் நிலை: சுவரில் வேர் விட்ட ஆலங்கன்று போல், நுரையீரலையோ இதயத்தின் உறையையோ பெரிய ரத்தக் குழாயையோ பற்றிக்கொண்டுவிட்டது.

நான்காம் நிலை: சிதறி வேறு இடங்களுக்கும் போய்விட்டது.

இப்போது இதைவிட நுட்பமான பிரிவுகளும் வந்திருக்கின்றன. ஆனால் அடிப்படை இதுதான்.

முதல் ஆபரேஷனே முக்கியம்

தைமோமாவுக்குத் தலையாய சிகிச்சை ஆபரேஷன். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் போதாது. தைமஸ் சுரப்பி முழுவதையும், சுற்றியுள்ள கொழுப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். கட்டி உடையக்கூடாது. கொஞ்சமும் மிச்சம் இருக்கக்கூடாது. முதல் ஆபரேஷனிலேயே முழுதாக எடுத்துவிட்டால், நோயாளிக்குப் பாதி வெற்றி அன்றே கிடைத்துவிடுகிறது.

முதல் நிலையிலேயே முழுதாக எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பேர் பத்து ஆண்டு கழித்தும் உயிருடன் இருக்கிறார்கள்.

பெரிய கட்டியானால், நெஞ்செலும்பை மேலிருந்து கீழாக ரம்பத்தால் அறுத்துத் திறக்கிறார்கள். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இதய ஆபரேஷன்களில் அன்றாடம் நடப்பதே இது. வேலை முடிந்ததும் எலும்பை உலோகக் கம்பியால் இழுத்துக் கட்டுகிறார்கள். எலும்பு கூடுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை குடம் தூக்கக் கூடாது. மூட்டை சுமக்கக் கூடாது.

சிறிய கட்டியானால், விலா எலும்புகளின் நடுவே சிறு துளைகள் போட்டு, காமிரா உதவியால் எடுத்துவிடுகிறார்கள். டாக்டர் ஆட்டி வைக்கும் இயந்திரக் கைகளைக் கொண்டு செய்வதும் உண்டு. காயம் சிறிது. வலி குறைவு. சீக்கிரம் வீடு திரும்பலாம்.

கட்டி நுரையீரலின் ஓரத்தைப் பிடித்திருந்தால் அந்தப் பகுதியையும் சேர்த்து எடுக்கிறார்கள். ரத்தக் குழாயைப் பிடித்திருந்தால், அந்தத் துண்டை வெட்டிவிட்டு மாற்றுக் குழாய் பொருத்துவது உண்டு. ஒரு நரம்பிடம் மட்டும் அதிக ஜாக்கிரதை வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசைத் திரையை அசைத்து, நம்மை மூச்சு விட வைக்கும் நரம்பு அது. இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று உண்டு. ஒன்று போனால் சமாளிக்கலாம். இரண்டும் போனால் ஆபத்து.

கத்தி வைக்கும் முன்

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான விஷயம் இதுதான்.

அம்பு விஷமான குராரேயைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? அதைப் போன்று தசையைத் தளர வைக்கும் மருந்துகளைத்தான், பெரிய ஆபரேஷன்களில் மயக்க மருந்துடன் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். மையஸ்தீனியா உள்ளவருக்குக் கொஞ்சம் கொடுத்தாலே வெகு நேரம் தெளியாது. ஆபரேஷன் முடிந்தும் தானாக மூச்சு விட முடியாமல் போகலாம்.

ஆகையால், கட்டி இருக்கிறது என்று தெரிந்தவுடன், இமை தொங்காவிட்டாலும்கூட மையஸ்தீனியா இருக்கிறதா என்று ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இருந்தால், முதலில் அதை அடக்க வேண்டும். மாத்திரை போதாவிட்டால், ரத்தத்தில் உள்ள தீய பொருளை இயந்திரம் மூலம் பிரித்து எடுக்கிறார்கள். அல்லது பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த நல்ல எதிர்ப்புப் பொருளை ரத்தக் குழாய் வழியே செலுத்துகிறார்கள். உடம்பு தேறிய பிறகே கத்தி!

கதிர், மருந்து

முதல் நிலையில் முழுதாக எடுத்துவிட்டால், பெரும்பாலும் வேறு சிகிச்சை வேண்டாம். கட்டி உறையைத் தாண்டி இருந்தாலோ, மிச்சம் இருந்தாலோ கதிர் சிகிச்சை தருகிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் வீதம், ஐந்தாறு வாரம் நடக்கும். தினமும் சில நிமிஷம்தான். வலிக்காது. ஆனால் சோர்வு இருக்கும். விழுங்கும்போது தொண்டை எரியலாம்.

கட்டி பெரிதாகிப் பல உறுப்புகளைப் பற்றி இருந்தால், முதலில் மருந்து செலுத்திச் சுருக்குகிறார்கள். பிளாட்டினம் என்ற விலை உயர்ந்த உலோகத்திலிருந்து செய்யும் "சிஸ்பிளாட்டின்" என்ற மருந்து இதில் முக்கியமானது. அதனுடன் வேறு மருந்துகளையும் சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கிறார்கள். கட்டி சுருங்கிய பின் ஆபரேஷன் செய்ய வழி பிறக்கிறது. வாந்தி, முடி உதிர்தல் போன்ற தொல்லைகள் உண்டு. முடி மறுபடியும் வளரும்.

முரட்டு வகையான கார்சினோமாவுக்கு "கார்போபிளாட்டின்", "பாக்லிடாக்சல்" என்ற இரு மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால், "லென்வாடினிப்", "சுனிடினிப்" போன்ற புது மாத்திரைகள் இருக்கின்றன.

உடம்பின் காவல்காரர்களைத் தூண்டிவிட்டுப் புற்றுநோயைத் தாக்கும் புதிய ஊசிகளும் வந்துள்ளன. வேறு பல புற்றுநோய்களில் அவை நல்ல பலன் தருகின்றன. ஆனால் இந்த நோயாளிகளிடம் காவல்காரர்கள் ஏற்கெனவே தவறான பாடம் படித்தவர்கள். தூண்டிவிட்டால் இதயத் தசையையே தாக்கக்கூடும். ஆகவே இதில் டாக்டர்கள் மிகுந்த எச்சரிக்கையாக இருக்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு

"கட்டியை எடுத்தாகிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்காதவர்கள் இல்லை. நிறுத்தக்கூடாது! தசைச் சோர்வு மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில்தான் குறையும். சிலருக்கு முழுதும் போகாமலும் இருக்கலாம். டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

இந்தக் கட்டி பல ஆண்டு கழித்தும் திரும்ப வரக்கூடியது. ஆகவே பத்து ஆண்டு வரையிலாவது தவறாமல் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

காய்ச்சல், சளி என்று வேறு டாக்டரிடம் போனாலும், "எனக்கு மையஸ்தீனியா இருக்கிறது" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். சில கிருமிக்கொல்லி மருந்துகளும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் தசைச் சோர்வை அதிகமாக்கும். விழுங்க முடியாமல் போனாலோ, மூச்சு வாங்கினாலோ, இரவு என்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"பெரியவர்களுக்குத் தைமஸ் வேண்டாத உறுப்புதானே?" என்று முன்பு நினைத்தார்கள். 2023-ம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர டாக்டர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி அதை மாற்றியது. தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் ஐந்து ஆண்டுக்குள் இறந்திருந்தார்கள். அதே போன்ற நெஞ்சு ஆபரேஷன் செய்தும் தைமஸ் எடுக்கப்படாதவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். காரணம் இல்லாமல் அதில் கை வைக்கக்கூடாது என்பதே இதன் பாடம். கட்டி இருந்தால் விஷயம் வேறு. அப்போது எடுப்பதுதான் நன்மை.

கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்தக் கட்டி என்று சொன்னால், டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: கட்டி எந்த நிலையில் இருக்கிறது? மையஸ்தீனியாவுக்கு ரத்தம் சோதித்தாகிவிட்டதா? மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரியுமா? கட்டியை முழுதாக எடுக்க முடியுமா? நெஞ்சு ஆபரேஷன், நரம்பு வைத்தியம், புற்றுநோய் வைத்தியம் மூன்றிலும் தேர்ந்தவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்களா?

அபூர்வ வியாதி ஆனதால், பழக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. பெரும்பாலும் மெதுவாக வளரும் கட்டி ஆகையால், யோசித்துச் செய்ய அவகாசம் இருக்கும். ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே போகக்கூடாது.

மாலையில் இமை தொங்கிய அம்மாவை மறந்துவிடவில்லையே? அவள் மகன் செய்தது ஒன்றே ஒன்றுதான். "வயது ஆகிறது" என்று சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனான்.

இன்று மாலை, விளக்கு வைத்த பிறகு, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கண்களையும் ஒரு முறை பாருங்கள்.